மூளையுள்ளே ஒரு கடற்குதிரை

பாக்குநீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் வலை வீசுவோர் கடற்குதிரை என்னும் சிறு மீனை நன்கறிவர். குதிரையின் முகமும் சுருண்ட வாலும் கொண்டு, நிமிர்ந்தபடியே நீந்தும் விந்தையான மீன் அது. அம்மீனின் பெயரைப் பூண்ட உறுப்பொன்று ஒவ்வொரு மனிதனுடைய மூளையின் ஆழத்திலும் உண்டு. வலப்புறத்தில் ஒன்றும் இடப்புறத்தில் ஒன்றுமாக அமைந்துள்ள இவ்வுறுப்பை மருத்துவ நூலோர் ஹிப்போகம்பஸ் என வழங்குவர். கடற்குதிரை என்று தமிழிற் கூறினும் பிழையில்லை.

காலையிலே உண்டது யாது, நேற்று வீட்டுக்கு வந்தவர் யார், சென்ற திங்களில் நடந்த திருமணத்தில் யாரைக் கண்டோம் என்பவற்றை ஒருவர் இன்று சொல்ல இயலுமாயின், அதற்கு இச்சிறு உறுப்பின் துணை இன்றியமையாதது. ஆயினும் இவ்வுண்மை உலகுக்குத் தெளிவாகப் புலப்படுதற்கு, உறுப்புக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து 370 ஆண்டுகள் சென்றன. அந்நெடிய இடைக்காலத்திலே அறிஞர்கள் அதனைப்பற்றிக் கொண்ட எண்ணங்களும், அதன் பொருட்டு அவர்கள் இட்ட சண்டைகளும், ஈற்றில் உண்மை வெளிப்படுதற்கு ஓர் எளிய மனிதர் கொடுத்த விலையும் விஞ்ஞான வரலாற்றிலே அறிந்துகொள்ளத்தக்க ஒரு பகுதியாகும்.

முதலில் உறுப்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். காதுக்குச் சற்று மேலே, கடைநுதலின் உள்ளே அமைந்த மூளைப்பகுதியைக் கடைநுதற் சோணை என்பர். அச்சோணையின் உட்புற ஓரம், துணியின் கரையைச் சுருட்டி மடித்தாற்போல உள்நோக்கிச் சுருண்டு கிடக்கின்றது. அச்சுருளே கடற்குதிரை. அதன் நீளம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறைகள் சில உண்டு. அவற்றுள் பக்க அறை எனப்படுவதன் கீழ்க்கொம்பைத் திறந்து பார்த்தால், அதன் தளத்திலே வெண்மையான ஒரு மேடாக இது தோன்றும். முன்புறம் அகன்று, விலங்கின் பாதவிரல்களை ஒத்த சில புடைப்புகளைக் கொண்டிருக்கும். பின்புறம் ஒடுங்கி, வால்போல வளைந்து மேலேறும். அங்கிருந்து புறப்படும் நரம்புநார்கள் ஒருங்கு திரண்டு, ஒரு வில்லைப்போல வளைந்து, மூளையின் நடுவே முன்னோக்கிச் சென்று அதன் அடித்தளத்தை அடைகின்றன.

மூளையை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவற்றுள் எதுவும் தெரியாது. மென்மையான மூளையைப் பக்குவமாக அரிந்து, உள்ளறையைத் திறத்தல் வேண்டும். உடலைக் கெடாது பேணும் இக்காலத்து இரசாயனங்கள் இல்லாத பழைய நாளிலே, மூளை சில மணி நேரத்துள் குழையத் தொடங்கிவிடும். ஆதலால், அதன் ஆழத்தைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் இத்தாலி நாட்டுப் போலோஞா நகரத்துச் சர்வகலாசாலையிலே உடற்கூற்றியலும் சத்திரவைத்தியமும் கற்பித்த யூலியோ சேசாரே அரன்சி என்பவர். உடற்கூற்றியலின் தந்தையெனப் போற்றப்படும் வெசாலியசின் பெருநூல் 1543ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. மனித உடலை நேரே அறுத்துப் பார்த்துக் கண்டதையே எழுதவேண்டும் என்னும் புதுநெறி அந்நூலினால் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அந்நெறியிற் பயின்ற அரன்சி, 1587ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே வெளியிட்ட நூலில் மூளையறையின் தளத்திலுள்ள இவ்வெண்ணிற மேட்டை வருணித்தார். அதன் வளைந்த வடிவம் கடற்குதிரையை ஒத்தது என்றார். அவ்வளவில் நிற்காது, பட்டுப்புழுவையும் ஒத்திருக்கின்றது என்றும் எழுதினார். இரண்டு உவமைகளுக்கும் இடையே அவர் மனம் தடுமாறியிருத்தல் வேண்டும். பட்டுப்புழு மறைந்தது, கடற்குதிரை நிலைத்தது. கிரேக்கக் கதைகளிலே கடற்றெய்வத்தின் தேரை இழுத்துச் செல்லும், முன்புறம் குதிரையும் பின்புறம் மீனுமான விலங்கின் பெயரும் இதுவேயாதலால், அக்காலத்துக் கற்றோர்க்கு அச்சொல் இனித்திருக்கலாம்.

ஆனால், இவ்வுறுப்பு என்ன தொழிலைச் செய்கின்றது என்ற வினாவுக்கு அரன்சியிடத்து விடை இல்லை. அவருக்குப் பின் வந்தோரும் உவமை தேடுவதிலேயே காலம் போக்கினர். 1732ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து வின்ஸ்லோ, இது ஆட்டுக்கடாவின் கொம்பு போன்றது என்றார். பத்தாண்டுகள் சென்றபின், பிரெஞ்சுச் சத்திரவைத்தியரான கராஞ்சோ என்பவர், கடாக்கொம்புடையவனாகச் சித்திரிக்கப்பட்ட எகிப்தியத் தெய்வமாகிய அம்மோனின் பெயரை அதற்குச் சூட்டி, அம்மோனின் கொம்பு என்றார். 1779ஆம் ஆண்டிலே மாயர் என்னும் யேர்மன் அறிஞர், ஹிப்போகம்பஸ் என்று எழுதவேண்டிய இடத்திலே ஹிப்பபொட்டமஸ், அதாவது நீர்யானை என்று தவறாக எழுதிவிட்டார். அவரைப் பின்பற்றிய வேறு சிலரும் அப்பிழையை அப்படியே பெயர்த்தெழுதினர். 1829ஆம் ஆண்டிலே புர்டாக் என்பவர் திருத்தும்வரை, ஐம்பது ஆண்டுகளாக மனித மூளையுள்ளே ஒரு நீர்யானை வாழ்ந்துகொண்டிருந்தது. முன்னோர் எழுதியதைத் தம் கண்ணால் ஒப்புநோக்காமல் வழிமொழிவோர் எக்காலத்தும் உளர் என்பதற்கு இது நல்ல சான்று.

பெயர்ச் சண்டை இவ்வளவில் ஓயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இப்பெயரைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு சிறு மேட்டின் பொருட்டு இங்கிலாந்து முழுவதும் கலகலத்தது. மூளையின் பக்க அறைக்குப் பின்புறமாக நீளும் ஒரு கொம்பு உண்டு. அதன் சுவரிலே சிறியதொரு புடைப்புக் காணப்படும். அதனை அக்காலத்தோர் சிறிய கடற்குதிரை என்றனர். உண்மையான கடற்குதிரைக்கும் இதற்கும் தொழிலால் உறவில்லை. வெளிப்புறத்து மடிப்பொன்று உள்ளே அழுந்துவதனால் எழும் மேடே அது. இக்காலத்து நூல்கள் அதனைச் சேவலின் குதிமுள்ளுக்கு ஒப்பிட்டு வேறு பெயரால் வழங்குகின்றன.

அந்நாளிலே இங்கிலாந்தின் தலைசிறந்த உடற்கூற்றறிஞராக விளங்கியவர் றிச்சேட் ஓவன். அழிந்தொழிந்த பெரும் பல்லிகளுக்கு டைனோசோர் என்னும் பெயரை 1842இல் ஆக்கிக் கொடுத்தவர் அவரே. 1857ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் முன்னிலையில் அவர் ஒரு கட்டுரை படித்தார். பாலூட்டிகளை மூளையமைப்பின்படி வகுத்து, மனிதனை மட்டும் தனியொரு வகுப்பில் வைத்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்கள் மூன்று. மூளையின் பிற்சோணை சிறுமூளைக்கு அப்பாலும் நீண்டிருத்தல் ஒன்று. பக்க அறைக்குப் பின்கொம்பு இருத்தல் மற்றொன்று. அதனுள்ளே சிறிய கடற்குதிரை இருத்தல் மூன்றாவது. இவை மனிதனுக்கே உரியன, வாலில்லாக் குரங்குகளுக்கு இல்லை என அவர் சாதித்தார்.

இரண்டாண்டுகள் சென்றன. 1859இல் சாள்ஸ் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. மனிதனின் தோற்றம்பற்றி அந்நூல் பெரிதும் பேசாது விட்டபோதிலும், படித்தவர் யாவரும் நினைத்தது அதனையே. மனிதன் ஏனைய உயிர்களோடு உறவு பூண்டவனா, அன்றித் தனியே படைக்கப்பட்டவனா என்ற பெருவினா, மூளையறையின் சுவரிலுள்ள சிறு புடைப்பின்மேல் வந்து நின்றது. ஓவனை எதிர்த்து எழுந்தவர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1860ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஒக்ஸ்போட்டில் விஞ்ஞானிகளின் மாநாடு கூடிற்று. ஆயர் வில்பபோசுடன் ஹக்ஸ்லி வாதிட்ட புகழ்பெற்ற அரங்கு அம்மாநாட்டில் நிகழ்ந்ததே. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், ஓவன் கூறியதை ஹக்ஸ்லி சபை நடுவே நேரடியாக மறுத்து, தம் மறுப்புக்குரிய ஆதாரங்களை எழுத்தில் வெளியிடுவதாக உறுதிகூறினார்.

கூறியபடியே 1861ஆம் ஆண்டில் வெளியிட்டார். குரங்குகளின் மூளைகள் பல அறுத்து நோக்கப்பட்டன. ஓவன் இல்லையென்ற மூன்றும் அவற்றிலே இருந்தன. மண்டையோட்டிலிருந்து எடுத்த மூளை தன் பாரத்தினாலேயே தளர்ந்து வடிவம் குலைந்துவிடும். அவ்வாறு குலைந்த மூளையின் படங்களை நம்பி ஓவன் பிழைபட்டார் என்பது தெளிவாயிற்று. 1862ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் கூடிய மாநாட்டிலும் ஓவன் தம் கருத்தை மீண்டும் சாதித்தபோது, வில்லியம் பிளவர் என்னும் சத்திரவைத்தியர் அவையோர் முன்னிலையிலேயே குரங்கின் மூளையை எடுத்துக் காட்டி வழக்கை முடித்துவைத்தார். அடுத்த ஆண்டிலே, இயற்கையில் மனிதனுக்குரிய இடத்தை ஆராயும் ஹக்ஸ்லியின் நூல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே சாள்ஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியார் சிறுவர்க்கென எழுதிய நீர்க்குழந்தைகள் என்ற கதையில், மூளையிலே நீர்யானை இருந்தால் மனிதன், இல்லாவிடிற் குரங்கு என்று கற்றோர் சண்டையிடுவதாக எள்ளி நகையாடினார். மாயர் அறியாது செய்த பிழையைக் கிங்ஸ்லி அறிந்தே செய்தார்.

இச்சண்டையிலே ஒன்றைக் கருதிப் பார்த்தல் தகும். மனிதனின் பெருமை ஒரு புடைப்பிலே தங்கியிருக்கின்றது என்று வாதிட்ட ஓவனும் சரி, அப்புடைப்பு குரங்குக்கும் உண்டென வென்ற ஹக்ஸ்லியும் சரி, அது என்ன தொழில் செய்கின்றது என்று அறிந்திலர். அதற்கு அண்மையிலே, சற்று முன்புறமாகக் கிடந்த உண்மையான கடற்குதிரை எவருடைய கவனத்தையும் அப்போது பெறவில்லை.

உறுப்பின் உள்ளமைப்பைக் காணும் வழியைத் திறந்தவர் இத்தாலியரான கமில்லோ கொல்ஜி. 1873ஆம் ஆண்டிலே, வெள்ளி நைத்திரேற்றின் துணையால் நரம்புக்கலங்களைக் கருநிறமாகத் தோன்றச் செய்யும் முறையொன்றை அவர் வெளியிட்டார். எல்லாக் கலங்களும் நிறம் பெற்றால் காடுபோல ஒன்றையொன்று மறைத்துவிடும். கொல்ஜியின் முறையிலோ ஆங்காங்கே சில கலங்கள் மட்டும் தம் கிளைகள் அனைத்தோடும் கருமையாக எழுந்து நின்றன. கடற்குதிரையின் குறுக்குவெட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து அவர் வரைந்த படங்கள் இன்றும் வியக்கத்தக்கன. அதே முறையைச் செம்மைப்படுத்தி, ஸ்பானிய நாட்டவரான சந்தியாகோ றமோன் இ கஹால், நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியானவை எனக் காட்டினார். அவை யாவும் ஒரே வலையாக ஒட்டியுள்ளன என்பது கொல்ஜியின் கொள்கை. 1906ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்தளித்தனர். ஒரே மேடையிலே ஒரே பரிசைப் பெற்ற இருவரும் ஒருவர் கொள்கையை மற்றவர் மறுத்துப் பேசினர். காலம் கஹாலின் பக்கமே தீர்ப்பளித்தது.

கஹாலின் மாணாக்கரான லொரெந்தே டி நோ 1934ஆம் ஆண்டிலே கடற்குதிரையை நான்கு பகுதிகளாக வகுத்தார். அம்மோனின் கொம்பு என்ற பழம்பெயரின் இலத்தீன் முதலெழுத்துக்களைக் கொண்டு அவற்றுக்கு எண்ணிட்டார். எகிப்தியத் தெய்வத்தின் பெயர் அவ்வெண்களிலே இன்றும் வாழ்கின்றது. மூளையின் பல பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் அயலிலுள்ள புறணியினூடாக முதலிற் பல்வரிசை போன்ற மடிப்பொன்றை அடைகின்றன. அங்கிருந்து அவை மூன்றாம் பகுதிக்கும், பின்னர் முதலாம் பகுதிக்கும் சென்று, மீளவும் புறணிக்குத் திரும்புகின்றன. இவ்வாறு வழி தெளிவாயிற்று. அவ்வழியே செல்லும் செய்தி யாது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அக்காலத்துப் பாடநூல்கள் பலவும் கடற்குதிரையை மணத்தை உணரும் உறுப்பெனவே கற்பித்தன. மணநரம்புகளுக்கு அண்மையில் அது அமைந்திருந்தமையே காரணம். ஆனால், மணநரம்பு இல்லாத ஓங்கிலுக்கும் கடற்குதிரை உண்டு. நோர்வே நாட்டு அறிஞரான புறோடல் 1947ஆம் ஆண்டிலே சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்து, மணக்கொள்கைக்கு ஆதாரம் போதாது எனக் காட்டினார். இதற்கு நெடுநாள் முன்னரே, 1900ஆம் ஆண்டில், உருசிய வைத்தியரான பெக்தெரேவ், ஞாபகமறதியால் துன்புற்று இறந்த ஒருவருடைய மூளையைச் சபையோர்க்குக் காட்டி, அதன் இருபுறத்துக் கடற்குதிரைப் பகுதிகளும் கெட்டிருந்தமையைச் சுட்டியிருந்தார். அவ்வொரு சான்றை உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மை வாயில்வரை வந்து திரும்பிச் சென்றது.

மீண்டும் அது வந்தது ஒரு மனிதரின் துயரத்தின் வழியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கனெற்றிக்கற் மாநிலத்திலே 1926ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஹென்றி மொலைசன். பத்து வயதளவில் அவருக்கு வலிப்புநோய் தொடங்கிற்று. பதினைந்தாம் வயதில் அது கடுமையாயிற்று. இளமைக்குரிய தொழிலும் மகிழ்ச்சியும் அவரைவிட்டு நீங்கின. மருந்துகளை மிகுந்த அளவிலே கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை. 1953ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 1ஆம் திகதி, ஹாற்போட் நகரத்து வைத்தியசாலையிலே வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரவைத்தியர் அவருக்குச் சிகிச்சை செய்தார். வலிப்பின் தோற்றுவாய் அங்கே இருக்கலாம் என்னும் எண்ணத்தினால், கடைநுதற் சோணைகளின் உட்பகுதியை இருபுறத்திலும் அகற்றினார். கடற்குதிரைகளின் பெரும்பகுதி அதனோடு சென்றது. அப்போது ஹென்றிக்கு வயது 27.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அறிவும் குன்றவில்லை. முன்னர் 104 ஆக இருந்த அறிவுத்திறன் அளவு பின்னர் 112 ஆகக் கணிக்கப்பட்டது. பேச்சும் பண்பும் பழையபடியே இருந்தன. ஆனால், அன்றுதொட்டு அவர் கண்டது எதுவும், கேட்டது எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. நாள்தோறும் பணிவிடை செய்தவர்களை அவர் அறிந்திலர். உண்டு முடித்த சிறிது நேரத்தில் உண்டமை மறந்தது. படித்த சஞ்சிகையையே மீண்டும் மீண்டும் புதிதெனப் படித்தார். சிறுவயது நினைவுகள் மட்டும் பெரும்பாலும் அழியாது நின்றன.

இதே காலத்தில், கனடா நாட்டு மொன்றியல் நகரிலே வைத்தியர் பென்பீல்ட், உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் ஆகிய இருவரும், ஒருபுறத்துச் சிகிச்சை பெற்றும் ஞாபகத்தை இழந்த இரு நோயாளரைக் கண்டு திகைத்துக்கொண்டிருந்தனர். அச்செய்தியை அறிந்த ஸ்கோவில் தம் நோயாளரைப் பற்றித் தெரிவிக்க, மில்னர் ஹாற்போட்டுக்குச் சென்றார். 1955ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே அவர் ஹென்றியைப் பரிசோதித்தபோது, இன்று என்ன திகதி என்ற வினாவுக்கு, 1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் என்றும், தம் வயது 27 என்றும் ஹென்றி விடையிறுத்தார். காலம் அவரளவில் அங்கேயே நின்றுவிட்டது.

ஸ்கோவிலும் மில்னரும் வேறு நோயாளர் ஒன்பதின்மரையும் ஆராய்ந்து 1957ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்முனையை மட்டும் அகற்றியவர்க்கு ஞாபகம் கெடவில்லை. வெட்டு கடற்குதிரையை எட்டியபோதே ஞாபகம் கெட்டது. அரன்சி பெயரிட்ட உறுப்பின் தொழில் இதனால் முதன்முறையாக ஐயமறத் துலங்கிற்று. ஹென்றிக்குச் செய்தது பரிசோதனை முறையான சிகிச்சையே என ஸ்கோவில் அக்கட்டுரையில் ஒளியாது ஒப்புக்கொண்டார். இருபுறமும் இவ்வாறு அகற்றுதல் ஆகாதெனப் பின்னர் ஏனைய சத்திரவைத்தியர்களையும் எச்சரித்தார்.

ஹென்றியிடமிருந்து உலகம் கற்றவை இன்னும் பல. மனத்தை வேறெங்கும் சிதறவிடாது ஒருமுறை 584 என்ற எண்ணை அவர் கால்மணி நேரம் நினைவில் வைத்திருந்தார். கவனத்தைச் சற்றே திருப்பியதும் எண் மறைந்தது. எண் ஒன்றைக் கேட்டதே மறைந்தது. ஆகவே, இக்கணத்து நினைவு வேறு, நிலைத்த நினைவு வேறு என்பது உறுதியாயிற்று. இன்னொரு பரிசோதனையில், தம் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தவாறு, இரட்டைக் கோடுகளுக்கு இடையே நட்சத்திரம் ஒன்றை வரையும்படி மில்னர் அவருக்குப் பணித்தார். முதலில் எவர்க்கும் கை தடுமாறும். மூன்று நாட்கள் பயின்றபின் ஹென்றி திறம்பட வரைந்தார். எனினும், ஒவ்வொரு நாளும் அதனை முன்பு செய்ததாக அவர்க்கு நினைவில்லை. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. கைத்தொழிற் பழக்கம் கடற்குதிரையைச் சாராத வேறு வழியால் மூளையிற் பதிகின்றது என்பது 1962இல் இவ்வாறு வெளிப்பட்டது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஹென்றி ஆராய்ச்சியாளர்க்கு உதவினார். மில்னருக்குப் பின் அவரோடு நெடுங்காலம் பழகிய சூசன் கோர்க்கினையும் இன்னாரென அவர் அறிந்திலர். ஆராய்ச்சி நூல்களில் எச். எம். என்ற இரண்டெழுத்துக்களே அவர் பெயராயின. 1992ஆம் ஆண்டிலே, இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்கு வழங்குவதென அவரும், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரும் கையொப்பமிட்டனர். 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் திகதி, தமது 82ஆம் வயதில் அவர் இறந்த பின்னரே முழுப்பெயரையும் உலகம் அறிந்தது. அடுத்த ஆண்டிலே, கலிபோர்னியாவின் சன் டியாகோ நகரில் அவர் மூளை 2401 மெல்லிய தகடுகளாக அரியப்பட்டது. கடற்குதிரையின் பிற்பகுதி எஞ்சியிருந்ததையும், அதற்குச் செய்தி கொணரும் புறணி பெரும்பாலும் அற்றுப்போயிருந்ததையும் அத்தகடுகள் காட்டின. வழி அறுந்தபின் வீடு எஞ்சியும் பயனில்லை.

இங்கே தர்மத்தின் பாற்பட்ட ஒரு வினா எழுகின்றது. தாம் இசைந்ததையே மறந்துவிடும் ஒருவருடைய இசைவு எத்துணை வலுவுடையது? ஹென்றி பொறுமையோடும் இன்முகத்தோடும் ஒத்துழைத்தார் என அவரை அறிந்தோர் யாவரும் கூறுவர். பிறர்க்குத் தம்மால் உதவி கிட்டுகின்றது என்ற எண்ணத்தை அவர் பலமுறை வெளியிட்டதுண்டு. ஆயினும், தம்மால் உலகம் எதைக் கற்றது என்பதை அவரால் ஒருநாளும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. கற்றவர்கள் நாம்; விலை கொடுத்தவர் அவர். இக்கடனை விஞ்ஞானம் மறத்தலாகாது.

ஹென்றிக்குப் பின் ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது. 1971ஆம் ஆண்டிலே இலண்டனில் ஜோன் ஓகீவ், எலியின் கடற்குதிரையிலுள்ள சில நரம்புக்கலங்கள் அவ்வெலி குறித்த ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார். இடத்தை அறியும் படமொன்று மூளையில் உண்டென அதனாற் கொண்டனர். 1973ஆம் ஆண்டில் பிளிஸ், லோமோ ஆகியோர், முயலின் கடற்குதிரையிலே ஒரு வழியை விரைந்து தூண்டினால் அவ்வழியின் இணைப்புகள் மணிக்கணக்காக வலுப்பெற்று நிற்பதை வெளியிட்டனர். நினைவு பதியும் முறைக்கு இது ஒரு திறவுகோலாயிற்று. 2000ஆம் ஆண்டில் எலினோர் மக்குவயர் குழுவினர், இருபத்தையாயிரம் வரையான தெருக்களை மனனஞ்செய்து தேர்வு பெறும் இலண்டன் வாடகைக்கார்ச் சாரதிகளிடத்துக் கடற்குதிரையின் பிற்பகுதி பருத்திருப்பதைக் காட்டினர். 2005ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு மோசர் தம்பதியர், அயற்புறணியில் அளவுகட்டம் வரைந்தாற்போலத் துடிக்கும் கலங்களைக் கண்டுபிடித்தனர். ஓகீவும் இத்தம்பதியரும் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றனர்.

இவ்வரலாறு தூரதேசத்து அறிஞர்களோடு முடிந்துவிடுவதன்று. 1906ஆம் ஆண்டிலே யேர்மன் வைத்தியர் அல்சைமர் விவரித்த மறதிநோய், முதியோர் உள்ள எந்த வீட்டிலும் தலைகாட்டக்கூடியது. அந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது கடற்குதிரையையும் அதன் வாயிலாகிய அயற்புறணியையுமே. அதனாலேயே, இளமையிற் கற்ற பாடலைத் தடையின்றிப் பாடும் பாட்டி, காலையுணவு உண்டாயிற்றா என்று காலையில் நான்கு முறை கேட்கின்றாள். வீட்டாரைச் சோதிக்கவோ வருத்தவோ அவள் அவ்வாறு கேட்பதில்லை. முன்பு கேட்டது அவளுள்ளே பதியவில்லை. நான்காம் முறை கேட்பதும் அவளளவில் முதன்முறையே. முதன்முறை கேட்டதற்கு எத்தகைய இன்சொல்லால் விடை கூறினார்களோ, அவ்வின்சொல்லையே நான்காம் முறைக்கும் வீட்டார் கூறுவார்களாயின், ஹென்றி மொலைசன் கொடுத்த விலையால் உலகம் கற்ற பாடம் அந்த வீட்டிலும் பயன்பட்டதாகும்.